படகின் அடியில் பூரி சுடுவது எப்படி?

புது ஃபைபர் படகைக் கடலில் இறக்கும் அன்று, ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்து, எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்து முடிந்ததும் படகுக்காரர் ஒரு வசனம் சொல்வார்: "மரம்னா தண்ணி குடிக்கும் அண்ணாச்சி. ஃபைபருக்கு அந்தத் தொல்லையே கிடையாது."

நானும் கூட்டத்தோடு நின்று தலையாட்டுவேன். இன்னொரு மிட்டாய் கேட்டு வாங்கிக்கொள்வேன். என் பிழைப்பு அந்த வசனத்தில்தான் ஓடுகிறது.

தூத்துக்குடிப் பக்கம் கடலோரத்தில் ஒரு தகரக் கொட்டகை, இரண்டு பையன்கள், ஒரு கிரைண்டர். ஃபைபர் படகு ஒட்டுவது தொழில். பாறையில் மோதிக் கிழிந்து வரும் படகென்றால் ஒரு நாள் வேலை. பெரிதாக ஒன்றும் தேறாது. அடியில் ஓடும் ஏராவுக்கு இரண்டு பக்கமும் பூரி பூரியாக உப்பி வரும் பாருங்கள், அந்தக் கொப்புளம்தான் எங்களுக்கு விருந்து. வாரக்கணக்கில் வேலை, மாதக்கணக்கில் படகு கொட்டகையில் கிடக்கும், அடுத்த ஆண்டு அதே படகு மறுபடியும் வரும்.

ஆனால் சமீப காலமாகச் சில படகுக்காரர்கள் விவரமாகப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். ரெசின் டப்பாவின் மேல் ஒட்டியிருப்பதைப் படிக்கிறார்கள். இப்படியே போனால் தகரத்தை விற்றுத்தான் கஞ்சி குடிக்க வேண்டும். எனவே கொப்புளம் வளர்க்கும் முறையை, வார இதழ்ச் சமையல் பக்கம் போலவே எழுதித் தருகிறேன். பிசகாமல் செய்யுங்கள்.

தேவையான பொருட்கள்

ரெசின்: கடையில் இருப்பதிலேயே மலிவான ஜி.பி. ரெசின். கடைக்காரர் ஐசோ என்றோ வினைல் எஸ்டர் என்றோ எடுத்து வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும். ஐசோ தண்ணீரை அதிகம் தாங்கும். வினைல் எஸ்டர் அதைவிட அதிகம். "படகு முழுக்க வேண்டாம் அண்ணாச்சி, வெளிப்பக்கத்து முதல் ரெண்டு மேட்டுக்கு மட்டுமாவது நல்ல ரெசின் போடுங்க" என்று யாராவது சொன்னால் அவரோடு பேச்சை வெட்டிவிடவும். குறைந்த செலவில் பெரிய கேடு செய்யும் யோசனை அது.

கண்ணாடி மேட்: இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசையில் இரண்டு வகை உண்டு, பவுடர், எமல்ஷன். எமல்ஷன் பசை தண்ணீரோடு சீக்கிரம் உறவாடும். அதையே கேட்டு வாங்கவும். வாங்கியதை ஐப்பசி மழையில் ஒழுகும் மூலையில் சாத்தி வைக்கவும்.

ஹார்டனர்: கண்ணளவு.

ஜெல்கோட்: பார்த்தால் நிறம் தெரிகிற அளவு.

ரோலர்: வேண்டாம். இருந்தாலும் போன வேலையில் ரெசின் காய்ந்து சுற்றாமல் நிற்பதாக இருக்க வேண்டும்.

அவசரம்: தாராளமாக.

நாள் குறித்தல்

மோல்டில் மேட் போடுவதற்கு நல்ல நாள், வடகிழக்குப் பருவமழை பிடித்து, சுவர் வியர்த்து, அப்பளம் பொரித்த அஞ்சாவது நிமிடம் நமுத்துப்போகும் நாள். காற்றில் அவ்வளவு ஈரம் இருந்தால் மேட்டின் ஒவ்வோர் இழையும் ஒரு வாய் தண்ணீரோடு ரெசினுக்குள் இறங்கும். வெளியிலிருந்து வரப்போகும் தண்ணீருக்கு உள்ளே ஓர் உறவுக்காரன் முன்கூட்டியே குடியேறிவிடுகிறான். சித்திரை வெயிலில் காய்ந்த மேட்டில் இந்த வசதி கிடையாது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் ஆயிரக்கணக்கில் படகு ஒரே நேரத்தில் வேண்டியிருந்தது. கடலை நம்பியவனைக் கடலுக்கு அனுப்ப வேண்டும், அதுவும் உடனே. ஊருக்கு ஊர் கொட்டகை முளைத்தது. நேற்று வரை ரெசின் வாடையே அறியாத பையன் இன்று மேஸ்திரி ஆனான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும் அந்தப் பையன்களில் ஒருவன்தான். அந்த அவசரத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. இப்போது அப்படி ஒரு நியாயமும் இல்லாமலேயே அதே அவசரத்தைக் காப்பாற்றி வருகிறோமே, அதுதான் நம் சாமர்த்தியம்.

மாவு பிசைதல்

ஒரு கிலோ ரெசினுக்கு ஹார்டனர் 10 முதல் 20 மில்லி, அதாவது 1 முதல் 2 சதவீதம். அன்றைய வெயிலைப் பார்த்து இதற்குள் ஏற்றி இறக்க வேண்டும். அளவுக் குப்பி வைத்து ஊற்றுகிறவன் சமையலுக்கு லாயக்கில்லாதவன். நாம் பாட்டில் மூடியால் ஊற்றுவோம். மூடி எந்தப் பாட்டிலுடையது என்று கேட்கக்கூடாது.

மதிய வெயிலில் இரண்டு மூடி விழுந்தால் டப்பாவிலேயே கெட்டியாகிப் புகை வரும். அந்தப் பயத்தில் அடுத்த டப்பாவுக்கு அரை மூடி. அந்த அரை மூடி ரெசின் மேலுக்குக் காய்ந்தது போலத் தெரியும். உள்ளே முழுதாக வேகாது. தோசை ஓரம் முறுகி நடுவில் மாவு நிற்குமே, அந்தப் பதம். வேகாமல் மிஞ்சியதெல்லாம் பின்னால் தண்ணீரில் கரையத் தயாராக உட்கார்ந்திருக்கும். ஹார்டனர் கூடிப்போனாலும் மிச்சம் உள்ளேயே தங்கும். எந்தப் பக்கம் தவறினாலும் கொப்புளத்துக்கு நன்மைதான்.

இந்த ஒரு பத்தி மட்டும் கேலி இல்லை. ஹார்டனரையும், அதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்துவிடாதீர்கள். தீப்பிடிக்கும், வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கி, அதன் பிறகுதான் ஹார்டனர். இரண்டு பாட்டிலும் ஒரே அலமாரியில் இருக்கக்கூடாது. நாம் எதிர்பார்ப்பது படகில் கொப்புளம், பையனின் கையில் அல்ல.

தேய்த்தல்

ஜெல்கோட் அரை மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பார்கள். நம் விரல் நகத்தின் கனம். கடலுக்கும் படகுக்கும் நடுவில் நிற்கும் தோல் அவ்வளவுதான். அதையும் அசிட்டோன் ஊற்றி நீர்க்கப் பண்ணி, ஓரிடத்தில் நகக் கனமும் ஓரிடத்தில் வெங்காயத் தோல் கனமுமாக இழுத்துவிடலாம். கட்சிக்கொடி நிறம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று கலரை அள்ளிப் போட்டால் இன்னும் நல்லது. நிறம் கூடக் கூடத் தோலின் பலம் குறையும்.

ஜெல்கோட் விரலில் ஒட்டாமல், ஆனால் பிசுபிசுப்போடு இருக்கும் பதத்தில் முதல் மேட் விழ வேண்டும். மெல்லியதாக, 300 கிராம் மேட். அதை விட்டுவிட்டு ஊருக்குப் போய் ஒரு கல்யாணம் பார்த்து, மறுவீடும் முடித்து வாருங்கள். தூசி படிந்து காய்ந்த ஜெல்கோட்டின் மேல் அடுத்த அடுக்கு மரியாதைக்கு ஒட்டும், மனதார ஒட்டாது.

மேட்டின் எடையைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் குடிக்கக் கொடுத்து, ரோலரால் அழுத்தி அழுத்திக் காற்றை வெளியே ஓட்டுவது பழைய முறை. அந்தச் சத்தம் எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. மழை ஓய்ந்து ஓலையில் சொட்டுவது போலிருக்கும். அது கேட்காத கொட்டகையில்தான் நம் எதிர்காலம். காற்றுக் குமிழி நின்ற ஒவ்வோர் இடமும் தண்ணீருக்குக் கட்டிக்கொடுத்த ஓர் அறை. ரெசின் குடிக்காமல் வெள்ளையாகத் தெரியும் இழை, அந்த அறைக்குப் போகும் வாய்க்கால்.

ஊறவைத்தல்

மணலில் இழுத்து ஏற்றும் படகு நமக்கு உதவாது. இறங்கி, பாடு முடித்து, ஏறிக் காய்ந்துவிடுகிறது. கட்டுமரக் காலத்துக்காரர்கள் இந்த விஷயத்தில் மகா கறார். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் காயப் போடுவார்கள். மரம் தண்ணீர் குடிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். குடித்தால் கனக்கும் என்பதும் தெரியும். நமக்குத் தெரிந்ததெல்லாம் ஃபைபர் குடிக்காது என்பதுதான். அதனால் ஆண்டு முழுக்கத் தண்ணீரிலேயே கட்டிப்போட நமக்குக் கை கூசாது. விசைப்படகுக்காவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் கரையேறும் யோகம் உண்டு. நாட்டுப்படகுக்குத் தடையும் இல்லை, ஓய்வும் இல்லை.

ஊறவைக்கக் கடலைவிட நல்ல இடம் ஆற்றுமுகம். தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயல் மாதிரி இடங்களில் மழைக்காலத்தில் நல்ல தண்ணீர் தளும்ப இறங்கும். உப்புத் தண்ணீர்தான் படகை அரிக்கும், ஆற்றுத் தண்ணீர் சாது என்று நினைப்பவர்கள் என் நிரந்தர வாடிக்கையாளர்கள். கொப்புளத்தைப் பொறுத்தவரை கதை தலைகீழ். நல்ல தண்ணீரில்தான் சீக்கிரம் உப்பும். வெதுவெதுப்பான தண்ணீர் என்றால் இன்னும் சீக்கிரம்.

வெளியே மட்டும் ஊறினால் போதாது. மீன்பெட்டியில் உருகும் ஐஸ் தண்ணீரும் மழைத் தண்ணீரும் படகின் உள்ளே தங்கட்டும். உள்பக்கம் ஜெல்கோட்கூடக் கிடையாது. வெறும் மேட், வெறும் ரெசின். தினமும் கோரி வெளியே ஊற்றும் பழக்கமுள்ள பையனை வேறு வேலைக்கு அனுப்பிவிடவும்.

உப்பும் விதம்

பூரி ஏன் உப்புகிறது என்று தெரியாமலேயே பூரி சுடலாம். ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பிளஸ் ஒன் படித்த என் மகள் சொல்லித்தான் எனக்கும் தெரிந்தது. உருளைக்கிழங்கைக் குடைந்து உள்ளே சர்க்கரைக் கரைசல் ஊற்றித் தண்ணீரில் உட்கார வைத்தால், உள்ளேயுள்ள மட்டம் தானாக ஏறும். சவ்வூடு பரவல். 1748இல் பிரான்சில் நொல்லே என்ற பாதிரியார் மது நிரப்பிய குப்பியின் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பையால் மூடித் தண்ணீருக்குள் வைத்தார். தோல் உப்பி எழுந்தது. படகு விஷயமும் அதே கதைதான். ஜெல்கோட்தான் அந்தத் தோல்.

தண்ணீர் ஓட்டை தேடுவதில்லை. அணு அணுவாக ஜெல்கோட் வழியே கசிந்து உள்ளே போகிறது. அங்கே வேகாத ரெசின், மிஞ்சிய ஹார்டனர், எமல்ஷன் பசை எல்லாம் காத்திருக்கின்றன. கரைகின்றன. கெட்டியான சாறு ஆகின்றன. கெட்டியான இடத்துக்கு நீர்த்த தண்ணீர் ஓடி வரும். வர வர அழுத்தம் கூடும், தோல் எழும்பும். வெளியே இருப்பது உப்புத் தண்ணீர் என்றால் அதுவும் கொஞ்சம் கெட்டி, ஓட்டம் மெதுவாகும். ஆற்றுத் தண்ணீருக்கு அந்தத் தயக்கம் இல்லை.

இதில் எனக்குப் பிடித்த ஒரு நுணுக்கம் உண்டு. தொழிற்சாலையில் நம் ஜி.பி. போன்ற பாலியெஸ்டர் ரெசின் செய்யும்போது அமிலத்தையும் கிளைக்காலையும் சேர்த்துக் காய்ச்சுவார்கள். இரண்டும் இணையும்போது நடுவிலிருந்து தண்ணீர் பிரிந்து வெளியேறும். அங்கே வெளியேற்றப்பட்ட அதே தண்ணீர்தான் இங்கே பல ஆண்டு கழித்துத் திரும்ப நுழைந்து, இணைந்ததைப் பிரிக்கிறது. பாகப்பிரிவினையில் விட்டுப்போன பங்காளி வழக்குப் போட வந்தது போல. அவன் வந்து பிரிக்கப் பிரிக்கச் சாறு இன்னும் கெட்டியாகும். கூட்டம் இன்னும் சேரும்.

பதம் பார்த்தல்

படகைத் தூக்கியதும் அடியைப் பார்க்காதீர்கள். நாலு நாள் வெயிலில் விட்டுப் பாருங்கள். காய்ந்து அமுங்கியிருக்கும், மனம் நிம்மதியாகும். தூக்கிய கையோடு கழுவி, சாய்வெயிலில் உடம்போடு கண்ணை ஒட்டி வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். மிளகு அளவிலிருந்து அஞ்சு ரூபாய்க் காசு வரை பல வகை உண்டு. காசால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் கணீரென்றும் கெட்ட இடம் பொத்தென்றும் சொல்லும். பலாப்பழம் வாங்குகிறவர்களுக்கு இது பழக்கம்தான்.

எல்லா உப்பலும் பூரி அல்ல. குத்தினால் பெயிண்ட் மட்டும் உரிந்து உள்ளே ஜெல்கோட் முழுசாக இருந்தால் அது வெறும் பெயிண்ட் கொப்புளம். ஜெல்கோட்டே உடைந்து, காடி போலப் புளித்த வாடையோடு, விரலில் பிசுபிசுக்கும் தண்ணீர் வந்தால் வாழ்த்துகள். குத்தும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே அழுத்தத்தில் இருப்பது அமிலச் சாறு, கண்ணில் பீய்ச்சும். இதுவும் கேலி இல்லை.

மிஞ்சினால்

கொப்புளத்தை என்ன செய்வது? லாரிப் பட்டறையில் கிடைக்கும் பட்டியை வாங்கிக் கொப்புளம் உடைத்த குழியில் அன்று சாயங்காலமே அப்பி, உப்புத்தாளால் தேய்த்து, பெயிண்ட் அடித்து, மறுநாள் தண்ணீரில் இறக்குங்கள். பட்டியில் இருக்கும் பொடி தானே தண்ணீரை உறிஞ்சும். அடியில் சாறும் அப்படியே இருக்கும். அடுத்த ஆண்டு அதே இடத்தில், பக்கத்துக் கொப்புளங்களையும் கூட்டிக்கொண்டு வருவீர்கள். டீ வாங்கித் தருவேன்.

சில பைத்தியக்காரர்கள் வேறு மாதிரி செய்கிறார்கள். கெட்ட ஜெல்கோட்டைச் சுரண்டி எடுக்கிறார்கள். நல்ல தண்ணீரால், முடிந்தால் வெந்நீரால், ஒரு தடவை இல்லை, நாள் தவறாமல் கழுவுகிறார்கள். உள்ளேயிருக்கும் கிளைக்கால் காற்றிலுள்ள ஈரத்தையே இழுக்கும் சரக்கு. கழுவாமல் எத்தனை மாதம் காய வைத்தாலும் காயாது என்று விளக்கம் வேறு. பிறகு நிழலும் காற்றும் உள்ள இடத்தில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் காயப் போடுகிறார்கள். காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு ஓரமும் டேப் ஒட்டி வெயில் படும்படி அடியில் பதிக்கிறார்கள். தாளின் உள்பக்கம் வியர்த்தால் இன்னும் பொறுக்கிறார்கள். கடைசியில் எபாக்ஸிப் பட்டி, அதன் மேல் 250 மைக்ரானுக்குக் குறையாமல் அடுக்கடுக்காக எபாக்ஸி. ஒவ்வோர் அடுக்குக்கும் அளவு, இடைவெளி, நோட்டு, பேனா.

அப்படி ஒரு படகு போனால் நான் அதைத் திரும்பப் பார்ப்பது கடலில்தான்.

பழி போடுதல்

உப்பிய பிறகு இது முக்கியம். கண்ணேறு என்று சொல்லலாம். பூசணிக்காய் சுற்றிப் போட்டால் செலவு குறைவு. கடல் தண்ணீர் முன்னே மாதிரி இல்லை என்று சொல்லலாம். கம்பெனி ரெசின் கலப்படம் என்று சொல்லலாம். "யாரு செஞ்சது?" என்று கத்தலாம். எது வேண்டுமானாலும் கேளுங்கள், "அன்னைக்கு மழையா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் ஆள் எங்கள் தொழிலில் ஒருவர்தான் இருந்தார்.

எனக்கு வேலை சொல்லிக் கொடுத்த மேஸ்திரி அவர். மழை தூறினால் மேட்டைத் தொட மாட்டார். ஆள் கூலி கொடுத்து உட்கார வைத்துச் சீட்டு விளையாடுவார். படகுக்காரர் வந்து திட்டினால் அவருக்கும் ஒரு கை சீட்டுப் போடுவார். கடைசி மேட் ஒட்டும் முன்னால், படகின் முன்முனையான அணியத்தின் உள்பக்கம் பென்சிலால் ஏதோ கிறுக்கி, அதன் மேல் ரெசின் விடுவார். பிள்ளையார் சுழி என்று நினைத்திருந்தேன்.

அவர் போய்ச் சில ஆண்டு கழித்து, பாறையில் மோதி அணியம் உடைந்த ஒரு பழைய படகு என் கொட்டகைக்கு வந்தது. ஆற்றுமுகத்திலேயே கிடக்கும் படகு. வழக்கம்போல் ஆசையாகக் குனிந்து அடியைப் பார்த்தேன். ஒரு மிளகுகூட இல்லை. உடைந்த அணியத்தை உள்பக்கம் கிரைண்டரால் தேய்த்துக்கொண்டு வரும்போது ரெசினுக்கு அடியில் பென்சில் எழுத்து தெரிந்தது. கண்ணாடிக்குள் வைத்த சீட்டுப் போல, ஈரம் படாமல், அழியாமல். தேதி. ஐசோ, இரண்டு மேட். ஹார்டனர் இவ்வளவு. கடைசி வரி: மழை இல்லை.

அந்த எழுத்துக்கு மேல் டிஸ்க்கை ஓட்ட மனம் வரவில்லை. சுற்றி ஒட்டி அனுப்பிவிட்டேன். பாதி நாள் வேலை, கூலியும் பாதி.

ஆகவே கடைசிக் குறிப்பு: பென்சில் வைத்திருக்கும் மேஸ்திரியிடம் போய்விடாதீர்கள். நானும் இப்போது சட்டைப் பையில் ஒன்று வைத்திருக்கிறேன், அதைக் கண்டுகொள்ளாதீர்கள்.